திட்டம் வேலை செய்ததா? 'வேறுபாட்டின் வேறுபாடு' முறை, தொடக்கநிலை வாசகர்களுக்கு

ஒரு சட்டமோ நலத்திட்டமோ வந்து சில ஆண்டுகள் ஆனதும் அதன் பலனைப் பற்றி இரண்டு வகைக் கணக்குகள் வெளிவரும். ஒன்று முன்–பின் கணக்கு: திட்டத்துக்கு முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு. மற்றது இங்கே–அங்கே கணக்கு: திட்டம் வந்த மாவட்டத்தில் இவ்வளவு, வராத மாவட்டத்தில் இவ்வளவு. இரண்டுமே தனியாக நின்றால் நம்பத்தக்கவை அல்ல. முதலாவதில் காலம் குறுக்கே வருகிறது. திட்டமே வராமல் இருந்தாலும் அந்த இடைவெளியில் வருமானம் உயர்ந்திருக்கலாம், மழை பொய்த்திருக்கலாம், ஒரு தொற்றுநோய் வந்து போயிருக்கலாம். இரண்டாவதில் இடம் குறுக்கே வருகிறது. ஒரு திட்டத்தை முதலில் கொண்டுவரும் இடங்கள் ஏற்கெனவே முன்னேறியவையாகவோ, மிகவும் பின்தங்கியவையாகவோ இருப்பதுதான் வழக்கம். மற்ற இடங்களோடு அவற்றை அப்படியே ஒப்பிட முடியாது.

நமக்கு உண்மையில் வேண்டிய எண் வேறு. அதே இடத்தில், அதே ஆண்டில், திட்டம் மட்டும் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதை யாராலும் அளக்க முடியாது. கொள்கை ஆய்வில் பாதி வேலை, இந்த இல்லாத எண்ணை நியாயமாக ஊகிப்பதுதான். பயனாளிகளைக் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்தால் சிக்கல் எளிதாகத் தீரும். அமெரிக்காவின் ஒரெகன் மாநிலம் 2008இல் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு அப்படித்தான் ஆள் எடுத்தது. ஆய்வாளர்களுக்கு அது பெரிய வாய்ப்பாக அமைந்தது. ஆனால் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தையோ கேபிள் தொலைக்காட்சியையோ யாரும் குலுக்கல் போட்டுப் பங்கிடுவதில்லை. அந்த மாதிரி இடங்களில் பொருளாதாரம், பொதுச் சுகாதாரம், ஊடக ஆய்வு மூன்றிலும் மிக அதிகமாகக் கையாளப்படும் கருவி 'டிஃபரன்ஸ் இன் டிஃபரன்சஸ்' எனப்படும் வேறுபாட்டின் வேறுபாடு முறை. முன்–பின் ஒப்பீட்டையும் இங்கே–அங்கே ஒப்பீட்டையும் சேர்த்துச் செய்தால், ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கும் என்பதே இதன் அடிப்படை.

லண்டன் தண்ணீர்க் குழாய்கள்

யோசனை புதிதல்ல. காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று வாதிட்ட மருத்துவர் ஜான் ஸ்னோ, 1849, 1854 ஆகிய ஆண்டுகளின் கொள்ளைநோய்ச் சாவுகளை ஒப்பிட்டார். தெற்கு லண்டனுக்கு இரண்டு நிறுவனங்கள் தண்ணீர் தந்தன. லாம்பெத் நிறுவனம் 1852இல், தேம்ஸ் நதியில் தண்ணீர் எடுக்கும் இடத்தை நகரின் கழிவு கலக்காத மேற்பகுதிக்கு மாற்றிக்கொண்டது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸால் நிறுவனம் பழைய பகுதியிலேயே எடுத்துக்கொண்டிருந்தது.

சவுத்வார்க் நிறுவனம் மட்டும் தண்ணீர் தந்த வட்டாரங்களில் சாவு 2,261இலிருந்து 2,458 ஆனது. ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுதல். இரண்டு நிறுவனங்களின் குழாய்களும் கலந்து ஓடிய வட்டாரங்களில் 3,905இலிருந்து 2,547 ஆனது. 35 விழுக்காடு குறைவு. 1854இன் கொள்ளைநோய் தன்னளவில் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதை முதல் வரிசை சொல்லிவிடுகிறது. இரண்டாவது வரிசையின் சரிவு அதையும் மீறியது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கலப்பு வட்டாரங்களில் எல்லா வீடுகளுக்கும் நல்ல தண்ணீர் போகவில்லை. அதனால் 35 விழுக்காடு என்பது நீர்த்துப்போன எண். நல்ல தண்ணீர் கிடைத்த வீடுகளில் பலன் இதைவிடப் பெரிதாகத்தான் இருந்திருக்க வேண்டும். இந்த நீர்த்துப்போதல் இன்றைய ஆய்வுகளிலும் உண்டு. 'திட்டம் வந்த மாவட்டம்' என்று கணக்கிடும்போது, அந்த மாவட்டத்தில் திட்டத்தைத் தொடாதவர்களும் சராசரியில் சேர்ந்துவிடுகிறார்கள்.

நான்கு எண்கள், மூன்று கழித்தல்கள்

முறையைக் கற்க இன்றும் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு. 1992 ஏப்ரல் 1 அன்று நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் 4.25 டாலரே நீடித்தது. எல்லையின் இரு புறமும் 410 துரித உணவுக் கடைகளை, உயர்வுக்கு முன்பு பிப்ரவரி–மார்ச்சில் ஒரு முறையும், பின்பு நவம்பர்–டிசம்பரில் ஒரு முறையும் கேட்டறிந்தார்கள். பகுதிநேர ஊழியரை அரை ஆளாக எண்ணி, ஒரு கடைக்குச் சராசரி எத்தனை முழுநேர ஊழியர் என்று கணக்கிட்டார்கள்.

நியூ ஜெர்சி: முன் 20.44, பின் 21.03. மாற்றம் +0.59.
பென்சில்வேனியா: முன் 23.33, பின் 21.17. மாற்றம் −2.16.

0.59இலிருந்து −2.16ஐக் கழித்தால் 2.75. முழுமையாக்காத எண்களை வைத்துக் கழித்ததால் ஆய்வுக் கட்டுரையில் 2.76 என்று இருக்கும். கூலியை ஏற்றினால் வேலை குறையும் என்று பாடப்புத்தகம் சொல்ல, கணக்கு ஒரு கடைக்கு ஏறத்தாழ 2.76 ஆள் கூடியதாகச் சொன்னது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த 2.76இல் 0.59 மட்டுமே நியூ ஜெர்சியில் நடந்தது. மீதி எல்லாம் பென்சில்வேனியாவில் நடந்த சரிவு. அப்போது அமெரிக்கப் பொருளாதாரம் மந்தத்தில் இருந்தது. கூலியை ஏற்றாமல் விட்டிருந்தால் நியூ ஜெர்சியும் 2.16 ஆள் இழந்திருக்கும் என்று ஏற்றுக்கொண்டால்தான் 2.76 என்ற எண் நிற்கும். ஏற்காதவருக்கு அது நிற்காது. வேறுபாட்டின் வேறுபாடு முறையில் செய்த எந்த ஆய்வைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: விளைவில் எவ்வளவு பங்கு திட்டம் வந்த இடத்திலிருந்து வருகிறது, எவ்வளவு ஒப்பீட்டுக் குழுவிலிருந்து வருகிறது? பெரும்பங்கு ஒப்பீட்டுக் குழுவிலிருந்து வந்தால், அந்தக் குழுவைத் தேர்ந்தெடுத்த நியாயத்தை இரண்டு மடங்கு கறாராகப் பார்க்க வேண்டும்.

அதே எண்களை வேறு கோணத்திலும் படிக்கலாம். ஒப்பீட்டையே தூக்கி எறிந்தாலும் நியூ ஜெர்சியில் வேலை குறையவில்லை. கூலி உயர்வு வேலையைப் பறித்தது என்று வாதிட வேண்டுமானால், உயர்வு இல்லாதிருந்தால் அங்கே 0.59ஐவிடக் கூடுதலாக ஆள் சேர்ந்திருப்பார்கள் என்று காட்ட வேண்டும். மந்தக் காலத்தில் அது கடினமான வாதம். ஆக, 'வேலை கூடியது' என்ற முடிவு பலவீனமானது. 'பெரிதாகக் குறையவில்லை' என்ற முடிவு வலுவானது. 2.76இன் ஸ்டாண்டர்ட் எரர், அதாவது தற்செயலால் அந்த எண் எவ்வளவு முன்பின்னாகலாம் என்பதன் அளவு, 1.36. அதனால் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி, அதாவது தரவோடு பொருந்தக்கூடிய விளைவுகளின் எல்லை, ஏறத்தாழ 0.1 முதல் 5.4 வரை நீள்கிறது. பின்னர் 2000இல் நியூமார்க், வாஷர் இருவரும் சம்பளப் பதிவேடுகளை வைத்து எதிர் முடிவுக்கு வந்தார்கள். கார்டும் க்ரூகரும் அரசுத் தரவுகளோடு பதில் எழுதினார்கள். அதில் விளைவு எந்தப் பக்கமும் பெரிதாக இல்லை. வலுவான முடிவு தப்பியது, பலவீனமானது தேய்ந்தது. கார்டுக்கு 2021இல் பொருளாதார நோபல் பரிசின் ஒரு பாதி கிடைத்தது. க்ரூகர் 2019இலேயே இறந்துவிட்டார்.

இணைப்போக்கு: எல்லாம் இதன் தலையில்

திட்டம் வராதிருந்தால் இரண்டு குழுக்களும் ஒரே அளவு மாறியிருக்கும் என்பதுதான் இந்த முறையின் ஒரே பெரிய அனுமானம். இதை இணைப்போக்கு எனலாம். இரண்டு குழுக்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டியதில்லை. ஒரு மாநிலம் பணக்காரமாகவும் மற்றது ஏழையாகவும் இருக்கலாம். மாற்றத்தின் வேகம் ஒன்றாக இருந்தால் போதும். தொடக்கநிலையில் பலரும் இதைக் குழப்பிக்கொண்டு, 'மட்டமே வேறாக இருக்கிறதே, எப்படி ஒப்பிடலாம்' என்று தவறான இடத்தில் சண்டை போடுவார்கள்.

இந்த அனுமானத்தை நேரடியாகச் சோதிக்க வழியில்லை. மறைமுகமாகச் செய்வது என்னவென்றால், திட்டத்துக்கு முந்தைய பல ஆண்டுகளிலும் இரு குழுக்களும் சேர்ந்தே நடந்தனவா என்று பார்ப்பது. இதற்கென்று ஒரு வரைபடம் உண்டு; அதன் பெயர் ஈவென்ட் ஸ்டடி. கிடைமட்டக் கோட்டில் திட்டம் வந்த ஆண்டு 0. அதற்கு முந்தையவை −1, −2, −3. பிந்தையவை 1, 2, 3. ஒவ்வோர் ஆண்டுக்கும் இரு குழுக்களின் இடைவெளி ஒரு புள்ளி. பொதுவாக −1ஆம் ஆண்டின் இடைவெளியைச் சுழியமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதிலிருந்து அளப்பார்கள். இடப்பக்கப் புள்ளிகள் சுழியத்தை ஒட்டியும், வலப்பக்கப் புள்ளிகள் அதிலிருந்து விலகியும் இருந்தால் நல்லது. இடப்பக்கமே ஏறுமுகமாக இருந்து வலப்பக்கம் அந்த ஏற்றத்தின் தொடர்ச்சியாகத் தெரிந்தால், திட்டம் எதையும் செய்யவில்லை என்றே படிக்க வேண்டும்.

புள்ளிகளை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. புள்ளியின் மேலும் கீழும் நீளும் நம்பிக்கை இடைவெளிக் கோடுகளைப் பாருங்கள். இடப்பக்கக் கோடுகள் மிக நீளமாக இருந்து எல்லாமே சுழியத்தைத் தொட்டால், 'முன்போக்கில் வேறுபாடில்லை' என்று கட்டுரை எழுதும். உண்மையில் வேறுபாடு இருந்தாலும் கண்டுபிடிக்கிற அளவுக்குத் தரவு போதவில்லை என்பதுதான் அங்கே நிலை.

அடுத்தது அளவுகோல் சிக்கல். இதைப் பெரும்பாலான அறிமுகங்கள் விட்டுவிடுகின்றன. கற்பனையாக, ஒப்பீட்டுக் குழு 100இலிருந்து 120 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். திட்டக் குழு 50இலிருந்து 65 ஆகிறது. எண்ணளவில் பார்த்தால் ஒப்பீட்டுக் குழு 20 கூடியது, திட்டக் குழு 15தான் கூடியது. விளைவு −5, திட்டம் கெடுதல் செய்தது. விழுக்காட்டில் பார்த்தால் ஒன்று 20, மற்றது 30. திட்டம் நன்மை செய்தது. ஒரே தரவு, எதிரெதிர் தீர்ப்பு. மட்டம் வெகுவாக வேறுபடும் குழுக்களில், எண்ணளவில் இணையாகப் போவது விழுக்காட்டில் இணையாகப் போகாது. ஆய்வு லாக் அளவில் (மடக்கை; ஏறத்தாழ விழுக்காட்டு மாற்றத்தைக் காட்டும்) செய்யப்பட்டதா, சாதாரண அளவில் செய்யப்பட்டதா, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தேடிப் பாருங்கள். காரணம் சொல்லப்படாவிட்டால் சந்தேகப்படலாம்.

எங்கே கோணும்

வேலைப் பயிற்சித் திட்டங்களை ஆராய்ந்த ஆர்லி ஆஷன்ஃபெல்டர் 1978இல் ஒன்றைக் கவனித்தார். பயிற்சியில் சேர்பவர்களின் வருமானம், சேர்வதற்குச் சற்று முன்புதான் சரிகிறது. வேலை போனவர்கள்தானே பயிற்சிக்கு வருவார்கள்! அவர்களில் பலர் பயிற்சியே இல்லாவிட்டாலும் அடுத்த ஆண்டு பழைய நிலைக்குத் திரும்பியிருப்பார்கள். அந்தத் திரும்பலையும் பயிற்சியின் பலன் கணக்கில் எழுதிவிடுவோம். ஆஷன்ஃபெல்டர் பள்ளம் என்றே இதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. நெருக்கடி முற்றிய இடத்துக்கே திட்டம் போகும் எல்லாத் துறைகளிலும் இந்தப் பள்ளம் உண்டு. விபத்து கூடிய சாலையில் வேகத்தடை போட்டால் அடுத்த ஆண்டு விபத்து குறைவதில் ஒரு பகுதி இதுதான்.

இதன் மறுதலை, முன்கூட்டியே மாறிக்கொள்வது. சட்டம் ஜனவரியில் நடைமுறைக்கு வருகிறது, ஆனால் அறிவிப்பு முந்தைய ஜூனிலேயே வந்துவிட்டது என்றால், வரி கூடப்போகும் பொருளை மக்கள் டிசம்பருக்குள் வாங்கிக் குவித்துவிடுவார்கள். 'முன்' காலமே திட்டத்தால் கறைபட்டுவிடுகிறது. அறிவிப்புத் தேதியைத் தொடக்கமாக வைத்தும் ஒரு முறை கணக்கிட வேண்டும்.

கசிவு இன்னொன்று. எல்லைக்கு அப்பால் இருக்கும் ஒப்பீட்டுக் குழுவும் திட்டத்தால் பாதிக்கப்பட்டால், வேறுபாடு செயற்கையாகக் கூடும் அல்லது குறையும். ஆட்கள் இடம் பெயர்ந்தாலும் இதே கதைதான். முன்பு அளந்த மக்கள் வேறு, பின்பு அளந்த மக்கள் வேறு என்றாகிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை, அதே நேரத்தில் வரும் வேறு மாற்றங்கள். பிகாரில் 2006இல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் தரும் திட்டம் தொடங்கியது. ஆனால் அதே ஆண்டுகளில் அங்கே சாலைகள் மேம்பட்டன, அரசின் பொதுச் செலவும் கூடியது. மாணவிகள் சேர்க்கை கூடினால் எதைக் காரணம் சொல்வது? கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று அடுக்கு ஒப்பீட்டைச் செய்தார்கள். திட்டத்துக்கு ஆளான வயது மாணவிகளை அதற்குச் சற்று மூத்த வயதினரோடு ஒப்பிட்டது முதல் அடுக்கு. சைக்கிள் கிடைக்காத மாணவர்களோடு ஒப்பிட்டது இரண்டாவது; நல்ல சாலையும் பொதுவான வளர்ச்சியும் ஆண்களுக்கும்தானே பயன்படும். 2000 வரை பிகாரின் பகுதியாகவே இருந்த ஜார்க்கண்டில் இதே ஆண்–பெண் இடைவெளி எப்படி மாறியது என்று கழித்தது மூன்றாவது. சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்ததாகவும், இருபால் இடைவெளி 40 விழுக்காடு சுருங்கியதாகவும் முடிவு வந்தது. எனினும் இந்த ஆய்வின் மிக வலுவான பகுதி தூரச் சோதனை என்பதே எங்கள் கருத்து. உயர்நிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் விளைவின் பெரும்பகுதி தெரிந்தது. காரணம் சைக்கிள் என்றால் எங்கே பலன் தெரிய வேண்டுமோ, அங்கேதான் தெரிந்தது.

பத்து லட்சம் பேர், இரண்டே இரண்டு மாநிலங்கள்

எண் சரியாக இருந்தாலும் அதன் உறுதியைத் தப்பாகக் கணக்கிடுவது சகஜம். ஒரு மாநிலத்துக்குத் திட்டம் வந்தது, இன்னொன்றுக்கு வரவில்லை, மொத்தம் பத்து லட்சம் பேரின் தரவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டம் மாநில அளவில் தீர்மானிக்கப்பட்டதால், உண்மையில் கையில் இருப்பது இரண்டே சோதனை அலகுகள். ஒரு மாநிலத்துக்குள் இருப்பவர்களை ஒரே வெள்ளம், ஒரே தேர்தல், ஒரே விலையேற்றம் சேர்த்தே பாதிக்கும். மென்பொருள் அவர்களைத் தனித்தனி ஆட்களாக எண்ணிக்கொண்டால் ஸ்டாண்டர்ட் எரர் பொய்யாகச் சிறுத்துவிடும்.

பெர்ட்ரண்ட், டுஃப்லோ, முல்லைநாதன் மூவரும் 2004இல் இதை அழகாகக் காட்டினார்கள். அமெரிக்கப் பெண்களின் கூலித் தரவை எடுத்து, குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்த மாநிலங்களில், நடக்காத சட்டங்கள் வந்ததாக வைத்துக்கொண்டார்கள். இல்லாத சட்டத்துக்கு விளைவும் இருக்கக் கூடாது. 5 விழுக்காட்டு அளவுகோலில் நூற்றுக்கு ஐந்து முறைதான் தவறுதலாக 'விளைவு உண்டு' என்று வர வேண்டும். வந்தது 45 விழுக்காடு வரை. இன்று மாநில அளவில் கிளஸ்டர் செய்வது, அதாவது ஒரு மாநிலத்தவரை ஒரே கொத்தாகக் கருதி ஸ்டாண்டர்ட் எரரைக் கணக்கிடுவது, கட்டாய வழக்கம். அட்டவணையின் அடிக்குறிப்பில் எந்த அளவில் கிளஸ்டர் செய்தார்கள், எத்தனை கிளஸ்டர்கள் என்று இருக்கும். பத்து பன்னிரண்டு கிளஸ்டர்கள்தான் என்றால் சாதாரண முறை போதாது. ஒயில்ட் பூட்ஸ்ட்ராப் (தரவிலிருந்தே பல செயற்கைத் தரவுகளை உருவாக்கி உறுதியை அளப்பது) போன்ற வேறு வழி பயன்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வோர் ஆண்டில் வந்தால்

நிஜத்தில் திட்டங்கள் படிப்படியாகத்தான் பரவும். நீண்ட காலமாக இதற்கு ஒரே ரெக்ரஷன் மாதிரியை (ஒரு அளவு மற்ற மாறிகளோடு எப்படி மாறுகிறது என்று மதிப்பிடும் சமன்பாடு) போட்டு, இடத்துக்கு ஒரு மாறி, ஆண்டுக்கு ஒரு மாறி சேர்த்து முடித்துவிடுவார்கள். அதில் ஒரு குழி இருப்பதைக் குட்மன்-பேகன் 2021இல் வெளியான கட்டுரையில் பிரித்துக் காட்டினார். அந்த ரெக்ரஷன் மாதிரி, ஏற்கெனவே திட்டம் வந்துவிட்ட இடங்களையும் தாமதமாக வந்த இடங்களுக்கு ஒப்பீட்டுக் குழுவாக வைத்துக்கொள்கிறது.

சிறு கணக்கு போதும். திட்டத்தின் பலன் முதலாண்டில் 2, இரண்டாம் ஆண்டில் 4, மூன்றாம் ஆண்டில் 6 என்று வளர்கிறது. ஊர் அ முதலாண்டிலும், ஊர் ஆ மூன்றாம் ஆண்டிலும் சேர்கின்றன. இரண்டாம் ஆண்டிலிருந்து மூன்றாம் ஆண்டுக்கு ஊர் ஆ 0இலிருந்து 2 ஆகிறது. அதே காலத்தில் ஊர் அ 4இலிருந்து 6 ஆகிறது. மாற்றம் இரண்டிலும் 2, கழித்தால் சுழியம். இரண்டு ஊர்களுமே பலன் பெற்றிருக்க, கணக்கு 'பலனில்லை' என்கிறது. வளர்ச்சி இன்னும் வேகமாக இருந்தால் விடை எதிர்மறையாகவே வரும். கலவே–சன்ட்அன்னா, சன்–ஏப்ரகாம் ஆகிய இணைகள் 2021இல் தந்த மாற்று முறைகள், இன்னும் திட்டம் வராத அல்லது கடைசி வரை வராத இடங்களை மட்டுமே ஒப்பீட்டுக்கு எடுக்கின்றன. அதற்கு முந்தைய படிப்படி ஆய்வுகள் எல்லாம் தப்பு என்று சொல்ல முடியாது; பலன் காலத்தோடு மாறாத இடங்களில் பழைய முறையும் சரியான விடையே தரும். பழைய கட்டுரையை மேற்கோள் காட்டும் முன் யாராவது புது முறையில் மறுபடி கணக்கிட்டிருக்கிறார்களா என்று தேடுவது நல்லது.

ஊடக ஆய்வில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ப்ராகியெரி, லெவி, மகாரின் மூவரும் 2022இல் வெளியிட்டது. ஃபேஸ்புக் 2004இல் ஹார்வர்டில் தொடங்கி அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றாகத் திறந்துவிடப்பட்டது. அந்த வரிசையையே கருவியாக்கி, மாணவர்களின் மனநலக் கணக்கெடுப்போடு பொருத்தி, ஃபேஸ்புக் வந்த கல்லூரிகளில் மனநலம் மோசமானதாகக் கண்டார்கள். ஆனால் அது ஸ்மார்ட்ஃபோனுக்கு முந்தைய, கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் மட்டுமே நுழைய முடிந்த ஃபேஸ்புக். நியூஸ் ஃபீடே 2006 செப்டம்பரில்தான் வந்தது. இதே முடிவை இன்றைய குறுங்காணொளிச் செயலிகளுக்கும், பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் நேராக நீட்டுவது ஆய்வு சொன்னதற்கு அப்பால் போவது. செய்திகளில் அப்படித்தான் நீட்டப்பட்டது, அது வேறு விஷயம்.

நீங்களே செய்து பார்க்க

தரவை ஒரு வரிக்கு ஓர் ஆள் (அல்லது கடை, ஊர்), ஓர் ஆண்டு என்று அடுக்குங்கள். 'குழு' என்ற பத்தியில் திட்டம் வந்த இடத்துக்கு 1, மற்றதற்கு 0. 'பின்' என்ற பத்தியில் திட்டத்துக்குப் பிந்தைய காலத்துக்கு 1, முந்தையதற்கு 0. மூன்றாவது பத்தி இரண்டின் பெருக்கல். அளக்க வேண்டியதை இந்த மூன்றின் மீதும் ரெக்ரஷன் செய்தால், பெருக்கல் பத்தியின் கெழுதான் விடை. நியூ ஜெர்சி எண்களைப் போட்டால் மாறிலி 23.33, குழுவின் கெழு −2.89, பின்னின் கெழு −2.16, பெருக்கலின் கெழு 2.75 என்று வரும். நான்கையும் கூட்டினால் 21.03, அதாவது உயர்வுக்குப் பிந்தைய நியூ ஜெர்சி. இந்தக் கூட்டலைக் கையால் ஒரு முறை செய்து பார்த்தால் அட்டவணைகள் மிரட்டுவது நின்றுவிடும்.

கட்டுப்பாட்டு மாறிகளைச் சேர்க்கும்போது, திட்டமே மாற்றக்கூடிய எதையும் சேர்க்காதீர்கள். சத்துணவுத் திட்டம் குழந்தையின் மதிப்பெண்ணை உயர்த்தியதா என்று பார்க்கும்போது குழந்தையின் எடையைச் சேர்த்தால், பலன் வந்த வழியையே அடைத்துவிட்டு பலனைத் தேடுவதாகும். திட்டத்துக்கு முன்பே நிலைத்திருந்தவை, உதாரணமாகப் பெற்றோரின் படிப்பு, ஊரின் மழையளவு போன்றவை பாதுகாப்பானவை.

முடித்ததும் இரண்டு பொய்ச் சோதனைகளைச் செய்யுங்கள். திட்டம் இரண்டு ஆண்டு முன்பே வந்ததாகப் பொய்யாக வைத்து, உண்மையான தேதிக்கு முந்தைய தரவை மட்டும் கொண்டு மறுபடி கணக்கிடுங்கள். பிறகு, திட்டம் தொடவே முடியாத ஒன்றை அளவாக வைத்துப் பாருங்கள். உயர்நிலைப் பள்ளிக்கான உதவித்தொகை என்றால், தொடக்கப் பள்ளிச் சேர்க்கை. இரண்டிலும் கெழு சுழியத்தை ஒட்டி வர வேண்டும். தொடக்கப் பள்ளியிலும் அதே அளவு ஏற்றம் தெரிந்தால், நீங்கள் அளந்தது உதவித்தொகையை அல்ல, அந்த மாவட்டத்தில் நடந்துகொண்டிருந்த வேறு ஏதோ ஒன்றை.